பியர்-டு-பியர் வணிக வலையமைப்புகள்: மையம் உண்மையிலேயே இல்லையா?

பியர்-டு-பியர் வணிக வலையமைப்பு என்பது, வங்கி, தரகர், பரிமாற்றகம் போன்ற இடைநிலை நிறுவனம் எதுவுமின்றி, வாங்குபவரும் விற்பவரும் தங்கள் கணினிகள் வழியாகப் பொருளையோ பணத்தையோ கிரிப்டோ நாணயத்தையோ நேரடியாக மாற்றிக்கொள்ள உதவும் அமைப்பு ஆகும். தமிழில் இதனைச் சகா வலையமைப்பு, இணையர் வலையமைப்பு, நேரடி வலையமைப்பு எனப் பலவாறு எழுதுகின்றனர். இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் "மையமற்றவை" என்ற அடைமொழியுடன் அறிமுகமாகின்றன. ஒரே இடத்தில் வழங்கி இல்லை, உரிமையாளர் இல்லை, எனவே எவராலும் மூட முடியாது, எவராலும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாது என்பதே அந்த அடைமொழியின் பொருள். இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை என்பதை லோக்கல்பிட்காயின்ஸ், ஓப்பன்பசார், பிஸ்க், யூனிஸ்வாப் ஆகிய அமைப்புகளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2014 பெப்ரவரியில் டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகம் வீழ்ந்தபோது, வாடிக்கையாளர்களுடையதும் நிறுவனத்துடையதுமாகச் சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போனதாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் சுமார் 2,00,000 பின்னர் கண்டெடுக்கப்பட்டன. வங்கியை நம்ப வேண்டாம் என்று உருவான நாணயத்தை மக்கள் வங்கியைப் போன்ற ஓர் இடத்திலேயே கொண்டுபோய் வைத்திருந்தனர். நேரடி வணிக வலையமைப்புகள் பரவியதற்கு இந்த வீழ்ச்சி ஒரு முக்கியக் காரணம். ஆகவே "மையமற்றது" என்ற சொல்லை நம்பி ஒருவர் தம் சேமிப்பை ஓரிடத்தில் வைக்கும்போது, அச்சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

சொல்லும் பொருளும்

தமிழ் மாணவர்களுக்குப் "பரவலாக்கம்" என்ற சொல் குடிமையியல் பாடத்தில் அறிமுகமானது. 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு அதிகாரம் அளித்ததை அதிகாரப் பரவலாக்கம் என்கிறோம். அங்கு மையம் மறையவில்லை. மேலிருந்த அதிகாரத்தில் ஒரு பகுதி கீழே பகிரப்பட்டது. கணினித் துறையில் அதே சொல்லைப் பயன்படுத்தும்போது, பகிர்ந்தளிக்க மேலே ஒருவர் இருக்கவே கூடாது என்று எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் பல குழப்பங்கள் நேர்கின்றன.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் தகவல்தொடர்பு வலையமைப்புகளை மூன்று வடிவங்களாக வரைந்து காட்டினார். முதலாவதில் எல்லாக் கம்பிகளும் ஒரே நடுப்புள்ளியில் சேரும். இரண்டாவதில் பல சிறு நடுப்புள்ளிகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும். மூன்றாவது மீன்வலை போன்றது; எந்தக் கண்ணியை அறுத்தாலும் செய்தி வேறு வழியில் போய்ச் சேரும். பாரன் "மையம் நீக்கப்பட்டது" என்று பெயரிட்டது மீன்வலையை அல்ல, இரண்டாவது வடிவத்தை. இன்று மையமற்றவை என அழைக்கப்படும் வணிக அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த இரண்டாவது படமே பொருந்தும் என்பது கவனிக்கத்தக்கது.

எத்திரியம் நிறுவனர்களுள் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2017-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இன்னொரு பகுப்பைத் தந்தார். ஓர் அமைப்பு எத்தனை கணினிகளில் இயங்குகிறது என்பது ஒரு கேள்வி. அக்கணினிகளை எத்தனை பேர் கட்டுப்படுத்துகின்றனர் என்பது வேறு கேள்வி. வெளியிலிருந்து பார்க்கையில் அது ஒற்றைப் பொருளாக நடந்துகொள்கிறதா என்பது மூன்றாவது. ஆயிரம் கணினிகள் இருந்தும் அவை அனைத்தும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானால், முதல் கேள்விக்குக் கிடைக்கும் நல்ல விடை இரண்டாவதற்கு உதவாது. விளம்பரங்கள் முதல் கேள்வியின் விடையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன.

பாட்டுப் பகிர்விலிருந்து பணப் பகிர்வுக்கு

இச்சிக்கல் கிரிப்டோ நாணயத்துக்கு முந்தையது. 1999-இல் ஷான் ஃபானிங், ஷான் பார்க்கர் ஆகியோர் தொடங்கிய நாப்ஸ்டரில் பாடல் கோப்புகள் பயனரின் கணினியிலிருந்து மற்றொரு பயனரின் கணினிக்கு நேரடியாகவே சென்றன. ஆனால் எந்தப் பாடல் யாரிடம் உள்ளது என்ற பட்டியல் நிறுவனத்தின் வழங்கியில் இருந்தது. இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கின் விளைவாக 2001-இல் அந்தப் பட்டியல் நிறுத்தப்பட்டதும், கோடிக்கணக்கான கோப்புகள் அவரவர் கணினியில் அப்படியே இருந்தும், வலையமைப்பு இல்லாமற் போனது. பொருள் பரவியிருந்தது; முகவரிப் புத்தகம் ஒரே இடத்தில் இருந்தது.

பின்வந்தவர்கள் இப்பாடத்தை நன்றாகவே கற்றனர். 2000-இல் வெளிவந்த நூடெல்லாவில் பொதுப் பட்டியல் இல்லை. கேள்வி ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு எனப் பரவியது. பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டோரன்ட்டில் தொடக்கத்தில் டிராக்கர் என்னும் வழங்கி தேவைப்பட்டது. பின்னர் பட்டியலையே பயனர்களின் கணினிகளுக்கிடையே பங்கிட்டு வைக்கும் முறை சேர்க்கப்பட்டது. ஆனால் பாட்டைப் பகிர்வதற்கும் பணத்தை மாற்றுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டின் படியைக் கொடுத்தவர் எதையும் இழப்பதில்லை. பணத்தை முதலில் அனுப்பியவர் மறுபக்கத்திலிருந்து ஒன்றும் வராவிட்டால் எல்லாவற்றையும் இழக்கிறார். வணிகத்தில் மையம் மீண்டும் மீண்டும் முளைப்பதற்கு இந்த "யார் முதலில்" என்ற சிக்கலே வேர்.

லோக்கல்பிட்காயின்ஸ்

பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2012-இல் தொடங்கப்பட்ட லோக்கல்பிட்காயின்ஸ், பிட்காயின் விற்பவரையும் வாங்குபவரையும் ஊர்வாரியாக இணைத்தது. வாங்குபவர் வங்கி வழியாகவோ, நேரில் சந்தித்து ரொக்கமாகவோ பணம் கொடுப்பார். பேரம், விலை, பணம் செலுத்தும் முறை அனைத்தும் இருவரின் விருப்பம். அதனால் அது நேரடி வணிகத்தின் முன்மாதிரியாகப் பல நாடுகளில் பெயர்பெற்றது.

ஆயினும் விற்பவரின் பிட்காயின் வணிகம் முடியும்வரை எங்கே இருந்தது என்று பார்த்தால் படம் மாறும். அது நிறுவனத்தின் எஸ்க்ரோவில், அதாவது மூன்றாம் நபர் கைவசமுள்ள பிணைவைப்பில் இருந்தது. தகராறு வந்தால் தீர்ப்பளித்தவர்களும் நிறுவன ஊழியர்களே. 2019-இல் பின்லாந்தில் மெய்நிகர் நாணயச் சேவையாளர்களுக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதன் விளைவுகள் தெரிந்தன. பயனர்கள் அடையாள ஆவணம் தரவேண்டியதாயிற்று. நேரில் ரொக்கமாக வணிகம் செய்யும் வசதி நீக்கப்பட்டது. ஈரானியப் பயனர்களுக்குச் சேவை நிறுத்தப்பட்டது. இரு தனியாட்கள் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்துப் பணம் மாற்றுவதை ஒரு நிறுவனம் தன் இணையதளத்தில் ஒரு பொத்தானை நீக்கியதன் மூலம் நிறுத்த முடிந்தது. 2023 பெப்ரவரியில் அந்நிறுவனம் தன் சேவையை மூடுவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இதே வகையைச் சேர்ந்த பாக்ஸ்ஃபுல் தன் சந்தையை இடைநிறுத்தியது. அடுத்த மாதம் மீண்டும் திறந்தது.

இவற்றை ஏமாற்று அமைப்புகள் என்று சொல்வது நியாயமாகாது. லோக்கல்பிட்காயின்ஸ் தன்னை ஒரு நிறுவனமாகவே பதிவுசெய்து, சட்டத்துக்குட்பட்டு, சுமார் பத்தாண்டுகள் நடந்தது. "நேரடி" என்ற சொல் பேரத்துக்கு மட்டுமே பொருந்தியது, பாதுகாப்புக்குப் பொருந்தவில்லை என்பதுதான் இங்குக் காணவேண்டியது.

ஓப்பன்பசார்

2014 ஏப்ரலில் டொரன்டோவில் நடந்த பிட்காயின் நிரலாக்கப் போட்டி ஒன்றில் அமீர் டாக்கியின் குழு டார்க்மார்க்கெட் என்ற மாதிரி மென்பொருளை உருவாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு சில்க் ரோடு என்ற மறைவுச் சந்தையை அமெரிக்க அதிகாரிகள் மூடியிருந்தனர். மூடவே முடியாத சந்தை ஒன்றை உருவாக்க முடியுமா என்பதே அக்குழுவின் கேள்வி. பிரையன் ஹாஃப்மன் அதனை எடுத்துக்கொண்டு ஓப்பன்பசார் என்று பெயர் மாற்றி, சட்டப்படியான பொருள்களுக்கான பொதுச் சந்தையாக வளர்த்தார். இதற்காக ஓபி1 என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, துணிகர முதலீட்டாளர்களிடமிருந்து பணமும் பெறப்பட்டது. 2016 ஏப்ரலில் மென்பொருள் பொதுவெளிக்கு வந்தது.

கட்டமைப்பின்படி ஓப்பன்பசார் உண்மையாகவே மீன்வலைக்கு அருகில் இருந்தது. கடை விற்பவரின் கணினியில் இருந்தது. முதல் பதிப்பில் அவர் கணினியை அணைத்தால் கடையும் மூடும். பின்வந்த பதிப்பு ஐபிஎஃப்எஸ் என்னும் பகிர்வுச் சேமிப்பு முறையைப் பயன்படுத்தியதால் மற்றவர் கணினிகளும் கடையின் படியை வைத்திருக்க முடிந்தது. பணம் மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால் மட்டுமே திறக்கும் பல்கையொப்ப முகவரியில் வைக்கப்பட்டது. வாங்குபவர், விற்பவர், இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த நடுவர் ஆகியோரிடம் ஆளுக்கொரு சாவி. நடுவர் ஒருவரால் மட்டும் பணத்தை எடுக்க முடியாது. சந்தைக் கட்டணமும் இல்லை.

கட்டணம் இல்லாததே பின்னர் பெரிய சிக்கலாயிற்று. மென்பொருளைத் திருத்துபவர்களுக்குச் சம்பளம் முதலீட்டாளரின் பணத்திலிருந்து போனது. புதிதாக வரும் கணினி வலையமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் விதைக் கணுக்கள், பணப்பைக்கான பின்னணிச் சேவை, பொருள்களைத் தேடும் வசதி ஆகியவற்றை ஓபி1 நிறுவனமே பெருமளவு நடத்தியது. வருமானம் வராத நிலையில் 2021 தொடக்கத்தில் அந்நிறுவனம் இச்சேவைகளை நிறுத்தியது. நிரல் திறமூலம், எவரும் எடுத்து நடத்தலாம். எந்த நீதிமன்றமும் தடை விதிக்கவில்லை, எந்த அரசும் முடக்கவில்லை. இருந்தும் சந்தை நின்றது. மூட முடியாத சந்தையைக் கட்டியவர்கள், அதைத் திறந்துவைத்திருக்க ஆள் வேண்டும் என்பதற்கு வழி செய்யவில்லை.

பிஸ்க்

இவ்வகையில் மிகவும் கவனமாக வடிவமைக்கப்பட்டதும், ஆராய்வதற்கு மிகவும் பயன்படுவதும் பிஸ்க் ஆகும். பிட்ஸ்கொயர் என்ற பெயரில் மான்ஃபிரட் காரர் தொடங்கி 2016-இல் செயல்பாட்டுக்கு வந்த இம்மென்பொருள், பயனர் தம் கணினியில் நிறுவிக்கொள்ளும் ஒரு செயலி. இணையதளம் வழியாக வணிகம் கிடையாது. கணினிகளுக்கிடையேயான தொடர்பு டோர் வலையமைப்பு வழியாகச் செல்வதால் பயனரின் இருப்பிடம் வெளிப்படுவதில்லை. கணக்குப் பதிவு இல்லை. அடையாள ஆவணம் கேட்கப்படுவதில்லை.

"யார் முதலில்" என்ற சிக்கலைப் பிஸ்க் பிணைத்தொகையால் தீர்க்க முயல்கிறது. எடுத்துக்காட்டாக, ஒருவர் 0.1 பிட்காயினை யூரோவுக்கு விற்க முன்வருகிறார். பிணை 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் 0.1 பிட்காயினோடு 0.015 பிட்காயினைப் பிணையாகச் சேர்த்து வைப்பார், வாங்குபவரும் 0.015 வைப்பார். மொத்தம் 0.13 பிட்காயின் ஒரு பூட்டிய முகவரியில் இருக்கும். வாங்குபவர் யூரோவை வங்கி வழியாக அனுப்பி, விற்பவர் அது வந்ததாக உறுதிசெய்ததும் பூட்டு திறந்து, 0.1 பிட்காயினும் பிணையும் வாங்குபவருக்கும், மீதிப் பிணை விற்பவருக்கும் போகும். ஏமாற்ற நினைப்பவர் தம் பிணையை இழக்கும் அபாயம் இருப்பதால் நேர்மையாக நடப்பதே இலாபம்.

தொடக்கத்தில் அந்தப் பூட்டுக்கு மூன்று சாவிகள் இருந்தன. மூன்றாவது நடுவரிடம் இருந்தது. நடுவரும் ஒரு தரப்பினரும் கூட்டுச் சேர்ந்தால் மற்றவரின் பணம் போய்விடும் என்ற அச்சம் இருந்ததாலும், நடுவர்கள் மிகச் சிலரே என்பதாலும், 2019-இல் வந்த பதிப்பில் மூன்றாவது சாவி நீக்கப்பட்டது. இப்போது இரண்டே சாவிகள். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒருவர் காணாமற்போனால் என்ன செய்வது? அதற்காக இருவரும் வணிகத்தின் தொடக்கத்திலேயே ஒரு காலப்பூட்டுப் பரிவர்த்தனையில் கையொப்பமிட்டு வைக்கின்றனர். குறித்த காலம் கடந்தும் தீர்வு ஏற்படாவிட்டால், பூட்டிய தொகை முழுவதும் பிஸ்க் அமைப்பின் பொது முகவரி ஒன்றுக்குப் போய்விடும். பின்னர் நடுவர் வழக்கை ஆராய்ந்து, பாதிக்கப்பட்டவருக்கு வேறு வழியில் ஈடு கிடைக்கச் செய்வார்.

இம்முறை அறிவார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நடுவரின் சாவியை நீக்கியதும் நம்பிக்கை வேறிடத்துக்கு நகர்ந்ததைக் காண வேண்டும். அந்தப் பொது முகவரியின் சாவி யாரிடம்? நீண்டகாலம் அது பிணை செலுத்திப் பொறுப்பேற்ற ஒருவரிடம் இருந்தது. பின்னர்தான் அப்பொறுப்பு பல பங்களிப்பாளர்களிடையே பகிரப்பட்டது. அடுத்து, அந்த முகவரி சரியானதா என்பதை எதிர்த்தரப்பின் மென்பொருள் சரிபார்க்க வேண்டும்.

2020 ஏப்ரலில் சிக்கல் எழுந்தது இந்த இரண்டாவது இடத்தில்தான். ஒருவர் விற்பவரைப்போல நடித்து, காலப்பூட்டுப் பரிவர்த்தனையில் பொது முகவரிக்குப் பதிலாகத் தம் சொந்த முகவரியைப் புகுத்தினார். காலம் கடந்ததும் பணம் அவரிடமே போனது. ஏழு பேரிடமிருந்து சுமார் 3 பிட்காயினும் 4,000 மொனேரோவும் களவுபோயின. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,50,000 டாலர். நடுவரை நம்பத் தேவையில்லாதபடி செய்த மாற்றமே இந்த ஓட்டைக்கு இடம்கொடுத்தது.

களவு தெரிந்ததும் உருவாக்குநர்கள் செய்தது இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. அவர்கள் "எச்சரிக்கைச் சாவி" ஒன்றைப் பயன்படுத்தி, உலகெங்கும் இயங்கிய பிஸ்க் செயலிகளுக்கு ஒரு செய்தி அனுப்பினர். அச்செய்தியை ஏற்ற செயலிகளில் வணிகம் நின்றது. மையமற்ற சந்தைக்கு ஒரு நிறுத்துவிசை இருந்தது. அதை அழுத்தக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். உருவாக்குநர்கள் இதை மறைக்கவில்லை. இது நேரடி வலையமைப்பு என்பதால் பயனர் விரும்பினால் அந்த நிறுத்தத்தைத் தம் கணினியில் மீறலாம், ஆனால் மீற வேண்டாம் என்றும் அறிவித்தனர். ஓட்டை அடைக்கப்பட்ட புதிய பதிப்பு விரைவில் வந்தது. இழந்தவர்களுக்கு வருங்கால வணிகக் கட்டணத்திலிருந்து ஈடுசெய்யும் திட்டமும் முன்வைக்கப்பட்டது.

அச்சாவி இருந்தது நல்லதா? களவு நடந்துகொண்டிருக்கும்போது அதைத் தடுக்க வழியே இல்லாதிருப்பதைவிட இது மேல் என்பதே நியாயமான விடையாகத் தோன்றுகிறது. பயனர் மீறுவதற்கு இடம் இருந்ததும் முக்கியமானது. லோக்கல்பிட்காயின்ஸ் பயனருக்கு அந்த இடம் இருக்கவில்லை. ஆனால் அப்படியொரு சாவி இருப்பதைப் பயனர் களவு நாளில் அல்லாமல் செயலியை நிறுவும் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும்.

பிஸ்கின் நிர்வாகம் 2019 முதல் பிஸ்க் டாவோ என்ற அமைப்பிடம் உள்ளது. பங்களிப்பாளர்கள் பிஎஸ்கியூ என்னும் வில்லைகளைப் பெற்று, ஏறக்குறைய மாதம் ஒருமுறை நடக்கும் வாக்கெடுப்பில் செலவுகளையும் மாற்றங்களையும் முடிவுசெய்கின்றனர். விதைக் கணு, விலைத் தகவல் கணு ஆகியவற்றை நடத்துவோர் பிணை செலுத்துகின்றனர். அதேபோல, சில வங்கி முறைகளில் புதிய கணக்கு ஒன்று முழு வரம்பில் வணிகம் செய்ய, முன்பே கையொப்பம் பெற்ற வணிகர் ஒருவரோடு பரிவர்த்தனை செய்து கையொப்பம் பெற வேண்டும். அவருக்கு யார் கையொப்பமிட்டார் என்று பின்னோக்கிப் போனால், சங்கிலியின் தொடக்கத்தில் நடுவர்கள் நிற்கின்றனர். மையம் இங்கு ஒரு கட்டடமாக இல்லை, ஒரு பணிப்பட்டியலாகச் சிதறியிருக்கிறது எனலாம்.

தானியங்கிச் சந்தைகள்

எத்திரியத்தின் மீது இயங்கும் சந்தைகளில் மனித நடுவரின் இடத்தை ஒப்பந்த நிரல் எடுத்துக்கொள்கிறது. ஹேடன் ஆடம்ஸ் 2018 நவம்பரில் வெளியிட்ட யூனிஸ்வாப்பில் எதிர்த்தரப்பு ஆளே தேவையில்லை; இரு நாணயங்கள் அடங்கிய பொதுக் குளம் ஒன்றுடன் பயனர் வணிகம் செய்கிறார். விலையைச் சூத்திரம் முடிவுசெய்கிறது. நிரலை வெளியிட்டவர்களாலும் அதன் அடிப்படை விதியை மாற்ற இயலாது.

எனினும் பெரும்பாலான பயனர்கள் நிரலோடு நேரடியாகப் பேசுவதில்லை. ஓர் இணையதளத்தைத் திறக்கின்றனர். 2021 ஜூலையில் யூனிஸ்வாப் லேப்ஸ் நிறுவனம் தன் தளத்திலிருந்து சுமார் நூறு வில்லைகளை நீக்கியது. குளங்கள் அப்படியே இருந்தன. கதவு மட்டும் மறைந்தது. நிரல் அறிந்தவருக்கு வேறு கதவுகள் உண்டு, அறியாதவருக்கு இல்லை. நிர்வாக வாக்குரிமைக்கென 2020 செப்டம்பரில் வெளியான 100 கோடி யூனி வில்லைகளில் சுமார் 40 விழுக்காடு குழுவினருக்கும் முதலீட்டாளருக்கும் ஆலோசகருக்கும் ஒதுக்கப்பட்டது. ஒரு முன்மொழிவை வாக்குக்கு விடுவதற்கே தொடக்கத்தில் 1 கோடி வில்லைகளின் ஆதரவு தேவைப்பட்டது. அக்காலத்தில் யூனிஸ்வாப்பைப் பயன்படுத்தியிருந்த ஒவ்வொரு முகவரிக்கும் இலவசமாகக் கிடைத்தது 400 வில்லை. 25,000 பேர் தங்கள் முழுப் பங்கையும் ஒன்றுசேர்த்தால்தான் ஒரு கேள்வியை எழுப்ப முடியும் என்பது எளிய வகுத்தல் கணக்கு.

கதவு மட்டுமல்ல, கதவுக்குப் போகும் பாதையும் சிலரிடமே உள்ளது. மெட்டாமாஸ்க் போன்ற பணப்பைகள் இயல்பாக இன்ஃபூரா என்ற நிறுவனச் சேவை வழியாகவே எத்திரியத்தைத் தொடர்புகொள்கின்றன. 2020 நவம்பர் 11 அன்று இன்ஃபூரா செயலிழந்தபோது, எத்திரியம் இயங்கிக்கொண்டிருந்தும் ஏராளமான பயனர்களால் தங்கள் இருப்பைக்கூடச் சரியாகப் பார்க்க இயலவில்லை. 2022 மார்ச்சில் தடைவிதிக்கப்பட்ட சில பகுதிகளை விலக்கும்போது அமைப்பில் ஏற்பட்ட பிழையால் வெனிசுவேலா நாட்டுப் பயனர்கள் பலர் துண்டிக்கப்பட்டனர்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஈதர்டெல்டா ஓர் எடுத்துக்காட்டு. அதில் பணம் ஒப்பந்த நிரல் வழியாகவே கைமாறியது. ஆனால் வாங்க விற்க வந்த ஆணைகளின் பட்டியல் தளத்தின் வழங்கியில் இருந்தது. 2018 நவம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம், அதனை உருவாக்கியவர் மீது பதிவுபெறாத பரிமாற்றகம் நடத்தியதாக நடவடிக்கை எடுத்தது. அவர் குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் பணம் செலுத்திச் சமரசமானார். நாப்ஸ்டரைப் போலவே இங்கும் பட்டியல்தான் பிடிபட்டது.

அடித்தளமான பிட்காயின்

மேற்கண்ட சந்தைகள் பலவற்றுக்கும் அடியில் உள்ள பிட்காயின், சட்டோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஆவணத்தில் பியர்-டு-பியர் மின்பண முறை என்றே அறிமுகமானது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக எந்த நிறுவனமும் உரிமை கொண்டாடாமல் அது இயங்கி வருவது சிறிய செய்தி அன்று. ஆயினும் இங்கும் மனிதர் தலையிட்ட தருணங்கள் உண்டு. 2013 மார்ச்சில் மென்பொருளின் 0.8 பதிப்பும் 0.7 பதிப்பும் ஒத்துப்போகாமல் பேரேடு இரண்டாகப் பிரிந்தது. உருவாக்குநர்கள் சிலர் இணைய அரட்டையில் கூடி, பெரிய அகழ்வுக் குழுமங்களைப் பழைய பதிப்புக்குத் திரும்பக் கேட்டுக்கொண்டனர். சில மணி நேரத்தில் சரியாயிற்று. பிஸ்கில் இருந்ததைப் போன்ற எச்சரிக்கைச் சாவி பிட்காயினிலும் இருந்தது. அது அறிவிப்பு மட்டும் அனுப்பக்கூடிய எளிய வடிவம். 2016-இல் அம்முறை மென்பொருளிலிருந்து நீக்கப்பட்டது.

2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே குழுமம் அகழ்வுத் திறனில் பாதியைத் தொட்டது. அகழ்வோர் பலர் தாமாக விலகினர். 40 விழுக்காட்டுக்கு மேல் போவதில்லை எனக் குழுமமும் உறுதியளித்தது. இது ஒரு நல்ல முடிவு என்றாலும், அந்த உறுதியை மீறினால் தண்டிக்க விதி ஏதும் இல்லை. 2023, 2024 ஆண்டுகளில் ஃபவுண்ட்ரி, ஆன்ட்பூல் ஆகிய இரு குழுமங்கள் மட்டும் சேர்ந்து பல வேளைகளில் பாதிக்கு மேற்பட்ட தொகுதிகளை உருவாக்கின. குழுமத்தில் சேர்ந்துள்ள அகழ்வோர் நினைத்தபோது வேறு குழுமத்துக்கு மாறலாம் என்பதால் இதை முழுக் கட்டுப்பாடு என்று சொல்லிவிடவும் முடியாது.

வங்கி என்னும் மறுபாதி

கிரிப்டோவை ரூபாய்க்கோ யூரோவுக்கோ மாற்றும் நேரடி வணிகத்தில் ஒரு பாதி பெரும்பாலும் வங்கி வழியாகவே செல்கிறது. இந்தியாவில் இது தெளிவாகத் தெரிந்தது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, மெய்நிகர் நாணயம் தொடர்பான சேவைகளை வழங்கக்கூடாது என வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பரிமாற்றகங்களின் வங்கிக் கணக்குகள் முடங்கியதால், அவை நேரடி வணிக முறையைத் தொடங்கின. நாணயத்தைப் பரிமாற்றகம் பிணைவைப்பில் வைத்திருக்கும். ரூபாய் ஒரு பயனரின் கணக்கிலிருந்து மற்றவரின் கணக்குக்குப் போகும். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை இரத்து செய்த பின்னரும் இம்முறை தொடர்கிறது. 2022 ஜூலை முதல், பரிமாற்றகம் இடையில் இல்லாத வணிகத்தில் 1 விழுக்காடு வரியைப் பிடித்தம் செய்து செலுத்தும் பொறுப்பு வாங்குபவர் மீது சுமத்தப்பட்டுள்ளது.

இம்முறையில் விற்பவருக்கு உள்ள பெரிய இடர், வரும் ரூபாயின் மூலம். வாங்குபவர் அனுப்பிய பணம் எங்கோ ஓர் இணையவழி மோசடியில் பறிக்கப்பட்டதாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் புகார் அளித்ததும், பணம் சென்ற பாதையிலுள்ள கணக்குகளை முடக்குமாறு காவல்துறை வங்கிகளைக் கேட்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆவது பிரிவின்கீழும், 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்கீழும் இவ்வதிகாரம் பயன்படுகிறது. விற்பவர் நேர்மையாகத் தம் நாணயத்தைக் கொடுத்திருந்தாலும் அவரது கணக்கும் அப்பாதையில் வருகிறது. புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருப்பதும் உண்டு. அந்நிலையில் பிணைத்தொகையோ, பல்கையொப்ப முகவரியோ, டாவோ வாக்கெடுப்போ அவருக்கு உதவுவதில்லை. வாங்குபவரின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருந்தனவா, வணிகப் பதிவும் உரையாடலும் சேமிக்கப்பட்டுள்ளனவா, நாணயம் எந்த முகவரிக்குச் சென்றது என்ற விவரங்களோடு, முதலில் தம் வங்கிக் கிளையிலும் பிறகு புகார் பதிவான காவல் நிலையத்திலும் அவர் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.